விளக்குக் குடைக்குள் ஒரு பாலைவனம்

பல்புக்கு மேலே கவிழ்த்து மாட்டும் ஒரு பச்சை நிற உலோகக் குடை. தட்டினால் ஒரு கணம் ணங்கென்று அதிர்ந்து, பிறகு நீளமாக ரீங்கரித்து அடங்கும். லண்டனில் பி.பி.சி.யின் மெய்டா வேல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த டீலியா டார்பிஷர், அந்த ரீங்காரத்திலிருந்து ஒரு பாலைவனத்தை எழுப்பினார். சகாராவில் நீலத் துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒட்டகங்களோடு பயணிக்கும் துவாரெக் மக்களைப் பற்றி 1967ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ஓர் ஆவணப்படத்துக்காகச் செய்த இசைத்துண்டு அது. பெயர் ‘புளூ வெயில்ஸ் அண்ட் கோல்டன் சேண்ட்ஸ்’. மூன்றரை நிமிட அளவுதான் இருக்கும்.

ஒட்டகங்கள் தொலைவில் அசைந்து போகின்றன. கிட்டே வருவதே இல்லை. கானலைக் காதால் கேட்க முடிந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் ஓசை எழுந்து, விரிந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் தணிகிறது. அதற்கு மேலே மெலிந்த ஒரு மெட்டு ஊர்கிறது. மிக அழகாக இருக்கிறது. அதே நேரத்தில் பிடரி சிலிர்க்கிறது. அழகும் கலக்கமும் இப்படிப் பிரிக்க முடியாமல் சேர்ந்து வருவதால்தான் இந்த வகை மின்னணு இசையிடம் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். பேய்ப் படத்தில் கதவு திறக்கும்போது வயலின்கள் கிறீச்சிட்டால் நாம் துள்ளி விழுகிறோம். அடுத்த நொடி சிரித்துவிடுகிறோம். டார்பிஷரின் இசையில் துள்ளி விழ எதுவுமில்லை. எங்கேயோ கேட்டிருக்கிறோம், எங்கே என்று சொல்ல முடியவில்லை என்ற ஒரு தவிப்பை அது மெல்ல உள்ளே இறக்கிவிட்டு, அதைத் தீர்த்து வைக்காமலே போய்விடுகிறது.

அந்தத் தவிப்பு தற்செயலாக வருவதில்லை. மணி அடிக்கிற சத்தத்தை மணி என்று காது கண்டுகொள்வது பெரும்பாலும் தட்டிய அந்த முதல் கணத்தை வைத்துத்தான். 1948ல் பாரிஸ் வானொலியில் வேலை செய்த பியர் ஷேஃபர் இதைச் செய்து பார்த்தார். மணியைத் தட்டிய கணத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் ரீங்காரத்தை மட்டும் இசைத்தட்டில் பதிந்தார். கேட்டால் மணியாகவே இல்லை. ஏதோ ஊதுகருவியின் ஓசைபோல இருந்தது. அதே ஆண்டில் அவர் ரயில் எஞ்சின்களின் சத்தத்தை வெட்டி ஒட்டி, ‘ஓசைகளின் ஐந்து பயிற்சிகள்’ என்ற வரிசையில் ஒன்றாக வானொலியில் ஒலிபரப்பினார். மூலப் பொருளைக் கண்ணிலிருந்தும் நினைவிலிருந்தும் மறைத்துவிட்டு ஓசையை மட்டும் கையில் எடுக்கும் இந்த வழி அங்கே தொடங்கியது.

டார்பிஷர் இதை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனார். தம்புராவில் குதிரைமேல் தந்திக்கு அடியில் நூலை மெல்ல நகர்த்தி ஜீவா பிடிக்கும்போது, ஒற்றைத் தந்திக்குள்ளிருந்து பல ஸ்வரங்கள் மலர்ந்து வருவதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். எந்த ஓசையும் அப்படிப் பல ஓசைகளின் கூட்டுத்தான். தட்டிய கணத்தை நீக்கிய விளக்குக் குடையின் ரீங்காரத்தை அவர் அதன் உட்கூறுகளாகப் பிரித்தார். எந்தெந்த அதிர்வெண்கள் இருக்கின்றன, எது வலுவானது என்று பார்த்து, வலுவான பன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். மின்சாரத்தில் ஒற்றை அதிர்வெண் ஒலியை எழுப்பும் ஆஸிலேட்டர்கள் ஸ்டுடியோவில் பன்னிரண்டு இருந்தன; அவற்றை அந்த அதிர்வெண்களில் வைத்து, குடையின் ஓசையை மறுபடி மின்சாரத்தில் கட்டினார். காற்று வீசிப் போவதுபோல ஓர் ஓசை கிடைத்தது. ஒட்டகங்களின் குளம்படிக்குத் தன் குரலையே துண்டு துண்டாக வெட்டிப் பயன்படுத்தினார். குளம்புகளில் தன் குரலையும் முதுகில் பச்சை விளக்குக் குடையையும் சுமந்துகொண்டு ஒட்டகங்கள் சூரிய அஸ்தமனத்துக்குள் போய்விட்டன என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்.

பாலைவனத்துக்குள் ஒரு பெண்ணின் குரல் இருக்கிறது. நமக்கு அது தெரியாது, காதுக்குத் தெரிந்திருக்கிறது. கலக்கம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். முழுக்க முழுக்க அந்நியமான ஓசை நம்மைத் தொடாது, கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். மனிதத் தொண்டையின் ஈரமும் வீட்டுப் பொருளின் உலோகமும் அடையாளத்தை இழந்து, ஆனால் சாயலை மட்டும் இழக்காமல் வரும்போது நம்மால் நகர முடிவதில்லை.

இந்தக் காது அவருக்கு எப்படி வந்தது என்பதற்கு அவர் சொன்ன காரணம் மறக்க முடியாதது. 1937ல் கவென்ட்ரி நகரத்தில் பிறந்தவர். 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் ஓர் இரவு முழுக்கக் குண்டு போட்டு அந்த நகரத்தின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கியபோது அவருக்கு மூன்று வயது. விமானத் தாக்குதல் வருகிறது என்று ஊளையிடும் சைரனும், ஆபத்து நீங்கியது என்று சொல்லும் சைரனும்தான் தனக்கு முதல் மின்னணு இசை என்றார். குழந்தைக்கு அந்த ஓசை எதிலிருந்து வருகிறது, என்ன சொல்கிறது என்று தெரியாது. ஏறுகிறது, நிற்கிறது, இறங்குகிறது, அவ்வளவுதான் தெரியும். பெரியவர்களின் முகம் மாறுவதும் தெரியும். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு குடும்பம் அவரைப் பிரஸ்டன் நகரத்துக்கு அனுப்பியது. அங்கே விடிகாலையில் ஆலைத் தொழிலாளர்கள் மரக்கட்டை அடிவைத்த செருப்புகளோடு கல் பாவிய தெருவில் நடந்து போகும் சத்தமும் மனத்தில் தங்கிவிட்டது என்றார். சைரனின் வழுக்கலும் செருப்புகளின் தாளமும் அவருடைய இசை முழுவதும் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் நடுக்கத்தின் பொருளே வேறாகிவிடுகிறது. நம்மைப் பயமுறுத்தும் திட்டம் எதுவும் அவரிடம் இல்லை. மூன்று வயதுக் குழந்தை போர்க்கால இரவில் கேட்டபடியே, பெயரும் பொருளும் ஏறாத ஓசையாக, உலகத்தை நமக்குக் கேட்கத் தருகிறார்.

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வர விரும்பி டெக்கா நிறுவனத்தில் கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். 1960ல் பி.பி.சி.யில் சேர்ந்தார். 1962ல், தானே கேட்டு வாங்கிக்கொண்டு ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். நாடகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் விசித்திரமான ஓசைகள் செய்து கொடுக்க 1958ல் டாஃப்னி ஓரமும் டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் தொடங்கிய பிரிவு அது. ஓரம் ஓராண்டுக்குள் வெளியேறி, கென்ட் மாவட்டத்தில் தனியாக ஒரு கூடம் அமைத்து, 35 மில்லிமீட்டர் பிலிமில் கோடுகள் வரைந்து அவற்றை ஓசையாக மாற்றும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் அப்போது சின்தசைசர் கிடையாது. பிற துறைகள் கழித்துக்கட்டிய சோதனைக் கருவிகள், டேப் ரிக்கார்டர்கள், ரேசர் பிளேடு, ஒட்டும் நாடா. டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடும். ஆகவே அரை நொடி என்றால் ஏழரை அங்குலம். தாளத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். ஒரு ஓசையைப் பதிந்து, அதை வெவ்வேறு வேகத்தில் ஓட்டி வெவ்வேறு ஸ்வரமாக்கி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தேவையான நீளத்துக்கு வெட்டி, ஒட்டி, அடுத்ததை வெட்ட வேண்டும். டார்பிஷர் மடக்கை அட்டவணையைக் கையோடு வைத்திருந்தார். டேப்பின் எந்த வேகத்துக்கு எந்த ஸ்வரம் வரும் என்பது அவருக்குக் கணக்கு.

1963ல் ‘டாக்டர் ஹூ’ என்ற பி.பி.சி. அறிவியல் புனைகதைத் தொடருக்கு இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் ஒரே தாளில் முகப்பிசை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் காற்றுக் குமிழி, மேகம் என்றெல்லாம்தான் குறிப்புகள் இருந்தன. உதவியாளர் டிக் மில்ஸோடு சேர்ந்து டார்பிஷர் அதற்கு உயிர் கொடுத்தார். கீழே குதித்து ஓடும் அந்தப் பாஸ் ஒலி ஒரே ஒரு தந்தியைச் சுண்டிப் பதிந்த ஓசை. ஒவ்வொரு ஸ்வரமும் தனித் துண்டு டேப். மேலே வழுக்கும் மெட்டு, ஆஸிலேட்டரின் குமிழைக் கையால் திருப்பியது. பல தடங்களை ஒன்றாகப் பதியும் கருவி அப்போது அங்கே இல்லை. தனித்தனி இயந்திரங்களில் டேப்புகளை ஒரே கணத்தில் ஓடவிட்டு ஒன்றாகக் கலக்க வேண்டும். எங்கோ ஒரு ஸ்வரம் இடறியபோது, தவறான ஒட்டு எது என்று கண்டுபிடிக்க மெய்டா வேல் கட்டடத்தின் நீண்ட நடையில் டேப்புகளைப் பக்கம் பக்கமாக விரித்துப் போட்டுத் தேடியதாக மில்ஸ் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு ஒரு மென்பொருளைத் திறந்தால் ‘திகில்’ என்று பெயரிட்ட நூறு ஓசைகள் தயாராக இருக்கும். ஒரு விசையை அழுத்தினால் போதும். அவற்றில் பெரும்பாலானவை என்னைத் தொடுவதில்லை. எவருடைய கையும் அவற்றில் படவில்லை என்பதே காரணம் என்று தோன்றுகிறது. டார்பிஷரின் டேப்பில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே வெட்டப்பட்ட ஓர் ஓரம் இருக்கிறது. கணக்கு துல்லியம், கை மனிதக் கை. மயிரிழை அளவு முன்பின்னாக அந்த ஸ்வரங்கள் வந்து விழும்போது, இயந்திரம் ஒன்று மூச்சு விடுகிறதோ என்று ஒரு ஐயம் எழுகிறது.

ஆனால் அவருடைய படைப்புகளில் என்னை மிக ஆழமாகக் கலக்கியது ‘டாக்டர் ஹூ’ இல்லை. ‘தி டிரீம்ஸ்’ என்ற வானொலிப் படைப்பு. பாரி பெர்மாஞ் என்பவர் சாதாரண மனிதர்களிடம் அவர்கள் கண்ட கனவுகளைச் சொல்லச் சொல்லிப் பதிந்துகொண்டு வந்தார். அந்தக் குரல்களை வெட்டி, ஒத்தவற்றைச் சேர்த்து, ஓடுவது, விழுவது, நிலம், கடல், நிறம் என்று ஐந்து பகுதிகளாக அடுக்கினார்கள். குரல்களுக்கு அடியில் டார்பிஷரின் ஓசைகள். 1964 ஜனவரியில் பி.பி.சி.யின் மூன்றாவது அலைவரிசையில் ஒலிபரப்பானது.

அதில் யாரும் அலறுவதில்லை. கனவு சொல்கிறவர்கள் நடிகர்கள் இல்லை. காலையில் எழுந்து அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொல்கிறார்கள். ஒருவர் விழுகிறார். இன்னொருவரும் விழுகிறார். மூன்றாமவர் சொல்லத் தொடங்கும்போது முதலாமவர் சொன்ன ஒரு சொல் திரும்ப வருகிறது. ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் ஒரே கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருக்கிறார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. அடியில் ஓசை நகர்வதுபோலவும் நகராததுபோலவும் நின்றுகொண்டே இருக்கிறது. நமக்குப் பழக்கமான சுருதி ஒரு தரை. அதன்மேல் நின்று எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வரலாம். இங்கே தரை கண்ணுக்குத் தெரிகிறது, காலில் படவில்லை. எனக்கு வந்த ஒரு பழைய கனவை அந்தக் குரல்களில் ஒன்று சொல்லிவிடப் போகிறது என்ற அச்சம் கேட்கும்போதெல்லாம் வருகிறது. கடல் பகுதிக்கு வரும்போது அந்த அச்சமே ஒருவகை ஆறுதலாக மாறிவிடுகிறது: இதை நான் மட்டும் காணவில்லை. எத்தனையோ பேரோடு இருந்து கேட்ட கச்சேரிகளில்கூட எனக்கு இவ்வளவு துணை கிடைத்ததில்லை.

இதே காலத்தைச் சேர்ந்த வேறு ஒரு வழியையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் லூயி பாரன், பீபீ பாரன் என்ற தம்பதி, நார்பர்ட் வீனரின் சைபர்னெடிக்ஸ் நூலிலிருந்து தூண்டுதல் பெற்று மின்சுற்றுகளைக் கட்டினார்கள். ஒரு சுற்றைத் தாங்கும் எல்லைக்கு அப்பால் ஓட்டினால் அது முனகும், குமுறும், கீச்சிடும், கடைசியில் எரிந்து போகும். எரிந்த சுற்றிலிருந்து அதே ஓசையை மறுபடி வரவழைக்க முடியாது. 1956ல் வந்த ‘ஃபர்பிடன் பிளானட்’ ஹாலிவுட் படத்துக்கு முழுக்க முழுக்க இப்படித்தான் ஓசை அமைத்தார்கள். அதை இசை என்று போட்டால் இசைக்கலைஞர்கள் சங்கத்தோடு சிக்கல் வரும் என்பதால் ‘மின்னணுத் தொனிகள்’ என்று டைட்டிலில் போட்டார்கள். அந்தப் படத்தில் நாம் கேட்கும் மரண ஓலம் நிஜமாகவே ஏதோ ஒன்று அழிகிற ஓசை. கேட்கும்போது பரிதாபம் வருகிறது. ஒரு மின்சுற்றுக்காக மனம் இளகும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பாரன் தம்பதி தற்செயலை வாழவிட்டார்கள். டார்பிஷர் ஒவ்வொரு அங்குலத்தையும் தீர்மானித்தார். என் மனம் டார்பிஷர் பக்கம்தான் சாய்கிறது.

அவரும் சறுக்கிய இடம் உண்டு. 1969ல் டேவிட் வோர்ஹவுஸ், பிரையன் ஹாட்ஜ்ஸன் இருவரோடும் சேர்ந்து ‘ஒயிட் நாய்ஸ்’ என்ற பெயரில் ‘ஆன் எலக்ட்ரிக் ஸ்டார்ம்’ இசைத்தட்டைச் செய்தார். ஐலண்ட் நிறுவனம் வெளியிட்டது. இதை விரும்பும் பலர் கடைசிப் பாடலான ‘தி பிளாக் மாஸ்’ஸைத்தான் புகழ்கிறார்கள். டிரம்ஸ் வெறிகொண்டு முழங்க, மேலே அலறல்கள். எனக்கு அது தட்டின் மிகப் பலவீனமான பகுதி. பயப்படு என்று உத்தரவிடும் இசைக்கு நான் பயப்படுவதில்லை. அதற்கு முன்னால் வரும் ‘தி விசிட்டேஷன்’ முற்றிலும் வேறு. மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த இளைஞன் தன் காதலியிடம் திரும்பி வருகிறான். அவனை அவளால் காண முடியவில்லை. அவள் அழுகை மட்டும் கேட்கிறது. பதினொரு நிமிடமும் மனத்தைப் பிசைந்துவிடுகிறது. அலறல் கேட்பவரை வெளியே தள்ளுகிறது. விசும்பல் உள்ளே இழுக்கிறது.

ராகம் இல்லை, தாளம் இல்லை, மனத்துக்கு இதமும் இல்லை, இதை ஏன் கேட்க வேண்டும் என்று நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதம் தரும் இசை எனக்கும் வேண்டும், தினமும் கேட்கிறேன். ஆனால் நன்றாகப் பழகிய இசையில் காது பாதி வேலையைத்தான் செய்கிறது. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, தலையை ஆட்டத் தயாராக இருக்கிறது. பெயர் தெரியாத ஓசை வரும்போது காது முழுதாக விழித்துக்கொள்கிறது. இருட்டில் நடப்பவரின் காதைப்போல ஒவ்வொரு நுணுக்கத்தையும் பிடிக்கிறது. ‘தி டீலியன் மோட்’ என்று 1968ல் அவர் செய்த ஆறு நிமிடம்கூட நீளாத துண்டு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு முடித்ததும் அறையிலுள்ள மின்விசிறியின் ஒலிக்குள் மூன்று வேறு ஓசைகள் இருப்பது எனக்குத் தெளிவாகக் கேட்கும். குளிர்சாதனப் பெட்டி ஓய்ந்து நிற்கிற கணத்தில் அறையே ஒரு படி கீழே இறங்கும். அச்சம் என்று நாம் சொல்வதில் ஒரு பெரிய பங்கு கூர்ந்த கவனம்தான். அந்தக் கவனத்தை எந்த ஆபத்தும் இல்லாமல் நமக்குக் கொடுப்பது பெரிய கொடை.

அந்தக் கொடைக்கு அவருக்குக் கிடைத்தது குறைவு. ‘டாக்டர் ஹூ’ இசையைக் கேட்டு வியந்த கிரெய்னர், ராயல்டியில் பாதியை அவருக்குக் கொடுக்க விரும்பினார். ஒர்க்‌ஷாப் ஊழியர்களைப் பெயர் சொல்லாமல் வைத்திருந்த பி.பி.சி. விதி அதற்கு இடம் தரவில்லை. தொடரின் திரையில் அவர் பெயர் முதன்முதலாக வந்தது 2013ல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில். அவரோ 2001 ஜூலையிலேயே இறந்துபோயிருந்தார். 1973ல் பி.பி.சி.யை விட்டபின் அவர் இசையிலிருந்தே நெடுங்காலம் விலகியிருந்தார். இறந்த பிறகு அவர் வீட்டுப் பரணில், காலை உணவு தானியப் பெட்டிகளுக்குள் 267 டேப்புகள் இருந்தன. அவை இன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில், அறுபதுகளின் பிற்பகுதியில் செய்த ஒரு துண்டு, தொண்ணூறுகளின் நடன இசையைப்போலவே ஒலிப்பதைக் கேட்டவர்கள் திகைத்தார்கள்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவற்றை இணையத்தில் எளிதாகத் தேடி எடுக்கலாம். ஆனால் யாரோ சேர்த்த படங்களைப் பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு, ஒரு துண்டை முழுதாகக் கேளுங்கள். முதலில் ‘புளூ வெயில்ஸ்’, அடுத்து ‘தி டீலியன் மோட்’. இரண்டும் பிடித்திருந்தால் ஒரு முழு மாலையை ஒதுக்கி ‘தி டிரீம்ஸ்’ கேளுங்கள். வேறு எதையும் கேட்க நேரமில்லை என்றால், அதில் ‘விழுதல்’ என்ற பகுதியை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.